வளையமும் வலையும் – 31: சார்லட்டில் விழுந்தவர்கள்

சென்ற வாரம் ஹொனலூலுவில் நிறுத்தியிருந்தேன். 1982 டிசம்பர் 23. நாட்டின் முதலிட அணியான வர்ஜீனியா, 7 அடி 4 அங்குல ரால்ஃப் சாம்ப்சனை நடுவில் வைத்துக்கொண்டு, ஆயிரம் மாணவர்கள்கூட இல்லாத சாமினாட் என்ற குட்டிக் கல்லூரியிடம் 77-72 என்று தோற்றுப்போனது. கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்கு மேல் ஓர் அதிர்ச்சி வராது என்றார்கள். 35 ஆண்டுகள் கழித்து வந்தது. வந்ததும் அதே வர்ஜீனியா வீட்டுக்குத்தான். பட்ட காலிலே படும் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

கதைக்குள் போகும் முன் மார்ச் மாதப் போட்டியின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டி 1985-இல் 64 அணிகளாக விரிந்தது. நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்கு 16 அணிகள். தேர்வுக் குழு ஒவ்வோர் அணிக்கும் 1 முதல் 16 வரை ஓர் எண் கொடுக்கும். முதல் சுற்றில் 1-ஆம் எண்ணுக்காரர் 16-ஆம் எண்ணுக்காரரோடு மோத வேண்டும். 16-ஆம் எண் என்பது சின்ன லீக் ஒன்றில் எப்படியோ கோப்பை வாங்கி, கல்யாண வீட்டின் கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்த ஆள் மாதிரி. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. 1985-லிருந்து 2018 மார்ச் 16 மாலை வரை ஆண்கள் போட்டியில் இப்படி 135 ஆட்டங்கள் நடந்தன. 135-லும் 1-ஆம் எண்தான் ஜெயித்தது. பெண்கள் போட்டியில் மட்டும் 1998-இல் ஹார்வர்ட் ஒருமுறை ஸ்டான்ஃபோர்டைச் சாய்த்திருந்தது. ஆண்கள் பக்கம் அந்தச் சுவரில் கீறல்கூட விழவில்லை.

2018-இல் வர்ஜீனியா சாதாரண 1-ஆம் எண் இல்லை. நான்கு 1-ஆம் எண்களிலும் முதலாவது. 31 வெற்றி, 2 தோல்வி. டியூக், நார்த் கரோலினா போன்ற ஜாம்பவான்கள் இருக்கும் அட்லான்டிக் கோஸ்ட் லீக்கில் 18 ஆட்டங்களில் 17 வெற்றி. லீக்கின் கோப்பையும் அவர்களுக்கே. எதிரணிகள் அவர்களிடம் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரி 54 புள்ளிக்கும் குறைவு. நாட்டிலேயே மிகச் சிக்கனமான தடுப்பு.

அந்தத் தடுப்பு ஒரு குடும்பச் சொத்து. பயிற்சியாளர் டோனி பென்னட்டின் தந்தை டிக் பென்னட், விஸ்கான்சின் மாநிலத்தில் பயிற்சியாளராக இருந்தபோது வகுத்த முறை அது. மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்குவான். மற்ற நான்கு பேரும் வளைவுக்குள்ளேயே, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் அடைக்கிற மாதிரி நிற்பார்கள். உள்ளே நுழைய முயல்கிறவனுக்கு எங்கே திரும்பினாலும் ஒரு மார்பு எதிர்ப்படும். தாக்குதலிலும் அவசரம் கிடையாது. 30 வினாடிக் கடிகாரத்தைக் கடைசிவரை ஓடவிட்டு, நிதானமாக எறிவார்கள். பார்ப்பதற்கு அலுப்பு என்று ஒரு கூட்டம் திட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். நெசவு பார்ப்பது போல.

அந்த நெசவில் ஒரு பிசிறு உண்டு. நிதானமாக ஆடினால் ஆட்டத்தில் இரு தரப்புக்கும் கிடைக்கும் வாய்ப்புகள் குறையும். வாய்ப்புகள் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். எளிய அணிக்கு அது லாபம். உள்ளே கூட்டமாக நிற்பதால், வெளியிலிருந்து எறிகிறவன் கை சூடாகிவிட்ட நாளில் தடுப்பு திணறும். 15 புள்ளி பின்தங்கினால் துரத்திப் பிடிக்கும் வேகமும் இல்லை. இதெல்லாம் ஏட்டில் இருந்த கவலைகள். முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஏட்டுக்கு வெளியே ஒரு கவலை வந்தது. ஆறாவது ஆளாக உள்ளே இறங்கி எந்த உயரத்துக்காரனையும் மறிக்கக்கூடிய டிஆண்ட்ரே ஹன்டருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. சீசன் முடிந்தது என்றார்கள். இந்த மணிக்கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே வந்தவர்கள் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தார். சுருக்கமாக யூஎம்பிசி. சதுரங்க அணிக்குப் பேர்போன இடம். அதே சீசனின் ஜனவரியில் ஆல்பனி என்ற அணியிடம் 44 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கியவர்கள். தங்கள் சின்ன லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஜெய்ரஸ் லைல்ஸ் கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளியால்தான், வர்ஜீனியாவோடு மோத வேண்டிய சார்லட் நகரம் வரை வந்தார்கள். பந்து கொண்டுபோகும் கே. ஜே. மௌராவின் உயரம் 5 அடி 8 அங்குலம். நம் ஊர்க் கல்லூரி அணியிலேயே குள்ளம் என்பார்கள்.

பயிற்சியாளர் பெயர் ரயன் ஓடம். அவருடைய தந்தை டேவ் ஓடம் 1982-இல் வர்ஜீனியாவில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். ஆம், சாமினாட் தோல்வி நடந்த அதே சீசன். 1989 வரை அங்கே இருந்தார். சிறுவன் ரயன் அந்த அணியின் ஊரான சார்லட்ஸ்வில்லில் வளர்ந்து, வர்ஜீனியாவின் ஆட்டங்களில் பந்து பொறுக்கிக் கொடுக்கும் பையனாக இருந்தான். இப்படி ஒரு கதையைக் கற்பனையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

மார்ச் 16 இரவு. இடைவேளையில் 21-21. அரங்கில் இருந்தவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வர்ஜீனியா ஆட்டம் எப்போதும் மெதுவாகத்தான் கொதிக்கும். இரண்டாம் பாதி தொடங்கியதும் லைல்ஸ் புகுந்தார். உள்ளே போய் ஒன்று, வெளியிலிருந்து ஒன்று. வளைவுக்குள் நின்ற நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தடுத்து மூன்று புள்ளிகள். துரத்த வேண்டிய நிலை வந்ததும் வர்ஜீனியா தனக்குப் பழக்கமில்லாத அவசரத்தில் எறியத் தொடங்கியது. அன்று அவர்கள் வெளியிலிருந்து எறிந்த 22-இல் 4 மட்டுமே விழுந்தன. யூஎம்பிசி 24 எறிந்து 12 போட்டது. லைல்ஸ் மட்டும் 28 புள்ளி. கடைசியில் 74-54. ஆட்டம் முழுக்கவே சராசரியாக 54 புள்ளிகூட விட்டுக்கொடுக்காத அணி, இரண்டாம் பாதியில் மட்டும் 53 கொடுத்தது. 20 புள்ளி வித்தியாசம். கடைசி நொடியில் தவறியது, நடுவர் கெடுத்தார் என்றெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொள்ள இடமே இல்லை. சாமினாட்டிடம் சாம்ப்சன் அணி தோற்றதற்காவது 5 புள்ளி என்ற கௌரவம் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பென்னட் தொலைக்காட்சி ஒலிவாங்கி முன்னால் நின்றார். எதிரணி எல்லா வகையிலும் எங்களைவிட நன்றாக ஆடியது என்று முதலில் சொன்னார். போன வாரம், கோப்பை ஆட்டங்களையும் சேர்த்து, லீக்கில் 20 ஆட்டம் ஜெயித்த முதல் அணி என்று சரித்திரம் படைத்தோம், இந்த வாரம் 16-ஆம் எண்ணிடம் தோற்ற முதல் அணி என்று சரித்திரம் படைத்தோம், வாழ்க்கை அப்படித்தான் என்றார். நல்லதை அனுபவித்தால் கெட்டதையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். குரல் உடையவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது. அன்றிரவு கொலை மிரட்டல்கள் வந்ததால் வீரர்கள் போலீஸ் துணையோடு ஓட்டலுக்குத் திரும்ப நேர்ந்தது. 19, 20 வயதுப் பையன்கள்.

அவர்களில் ஒருவர் இண்டியானாவிலிருந்து வந்த கைல். அவருடைய குடும்பப் பெயர் கை. தமிழில் அந்தப் பெயரை எழுதினால் பந்து எறிகிற கையா, ஆளா என்று வாசகர் தடுமாறுவார் என்பதால் கைல் என்றே குறிப்பிடுகிறேன். அணியின் சிறந்த எறிவாளர். தோல்விக்குப் பிந்தைய வாரங்களில் அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதி ஃபேஸ்புக்கில் போட்டார். தனக்குப் பதற்ற நோய் இருக்கிறது, சில நாள் மூச்சு முட்டுகிறது என்பதை அதில் மறைக்காமல் எழுதினார். விளையாட்டு வீரர்கள் இப்படிப் பேசுவது அப்போது புதிது. பிறகு செய்ததுதான் எனக்கு வியப்பு. தான் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்க, பின்னால் யூஎம்பிசிக்காரர்கள் குதிக்கும் படத்தை ட்விட்டரில் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். கைபேசியைத் திறந்தாலும் அந்த இரவின் படம்தான். ஊர் முழுக்க மறக்கச் சொன்ன ஒன்றை அவர் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டார்.

பென்னட்டும் மறைக்கவில்லை. அவர் மனைவி லாரல், கதை சொல்வதையே தொழிலாகக் கொண்ட டொனால்ட் டேவிஸ் என்பவரின் டெட் மேடைப் பேச்சு ஒன்றைக் கண்டுபிடித்துக் கணவரிடம் கொடுத்தார். பட்ட அடியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டால், வேறெந்த வழியிலும் போக முடியாத ஓர் ஊருக்கு அது நமக்கு டிக்கெட் எடுத்துத் தரும் என்பது அதன் சாரம். பென்னட் அதை வீரர்களுக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த சீசன் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி வாசகங்கள் தினம் காலையில் வாட்ஸப்பில் ரோஜாப்பூவோடு வருவதால், முதலில் படித்தபோது நான் உதட்டைப் பிதுக்கினேன். வாசகம் ஜெயிக்க வைக்காது. அந்த வாசகம் செய்த வேலை வேறு. யூஎம்பிசி என்ற பெயரை அறைக்குள் சாதாரணமாகப் பேச முடிந்தது. நிருபர்கள் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல முடிந்தது. வெளியூர் அரங்குகளில் எதிரணி ரசிகர்கள் அந்த நாலு எழுத்தைக் கோஷமாகப் போட்டபோது, அது ஏற்கெனவே கேட்டுப் பழகிய ஓசையாக இருந்தது.

பேச்சோடு நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது. பென்னட் ஆட்டத்தையும் மாற்றினார். தடுப்பில் கை வைக்கவில்லை. அது தந்தையின் சொத்து. தாக்குதலில் வைத்தார். அதுவரை இரண்டு பெரிய ஆட்கள் தடுப்பவனின் வழியை மறித்து ஓயாமல் திரை போட, எறிவாளர்கள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவதே முறை. அதில் பந்து வைத்திருப்பவன் தானாக எதையும் உருவாக்குவது குறைவு. 2018-19-இல், பந்து வைத்திருப்பவனுக்கே திரை போட்டு, அவனையே உள்ளே அனுப்பி, முடியாவிட்டால் மறுபக்கம் அதையே திரும்பச் செய்யும் தாக்குதலைக் கூடவே கொண்டுவந்தார். நியூயார்க்கிலிருந்து வந்த டை ஜெரோமுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. மூளையால் ஆடுகிறவர், வேகம் குறைவு, கண் அதிகம். கலிஃபோர்னியாவிலிருந்து கிஹேய் கிளார்க் என்ற முதலாண்டு மாணவர் வந்தார். 5 அடி 9 அங்குலம். யூஎம்பிசியின் மௌராவிடம் பாடம் படித்தது போல, பென்னட்டிடமும் இப்போது ஒரு குட்டிச் சூறாவளி. கிளார்க் பந்தைச் சுமந்ததால் கைலும் ஜெரோமும் எறிவதற்கு ஓடும் சுதந்திரம் பெற்றார்கள். அலபாமாவிலிருந்து பிராக்ஸ்டன் கீ மாறி வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக மணிக்கட்டு கூடிய ஹன்டர், தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் இன்னொரு வருடம் இருக்கிறேன் என்று தங்கினார். மன உறுதி என்று நாம் எழுதும் கதைகளில் பாதி, ஓர் எலும்பு நன்றாகக் கூடிய கதைதான்.

சீசனை வேகமாகக் கடந்துவிடலாம். டியூக்கிடம் இரண்டு முறை தோற்றார்கள், லீக் கோப்பையின் அரையிறுதியில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் ஒரு முறை. மற்ற 29-ம் வெற்றி. தேர்வுக் குழு மறுபடியும் 1-ஆம் எண்ணைக் கொடுத்தது. 1-ஆம் எண் என்றால் முதல் ஆட்டம் யாரோடு? மறுபடியும் 16-ஆம் எண்.

2019 மார்ச் 22, சவுத் கரோலினாவின் கொலம்பியா. எதிரே கார்ட்னர்-வெப், இந்தப் போட்டிக்கே முதல் தடவை வந்தவர்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வர்ஜீனியா பின்தங்கியது. ஆறு, பத்து, பதினான்கு. அரங்கத்தில் ஒரு சத்தம் எழும்பும், தெரியுமா? சம்பந்தமே இல்லாத ரசிகர்கள்கூட எழுந்து நின்று, நடக்கக்கூடாதது நடக்கப் போகிறது என்று வாய் பிளக்கும் சத்தம். சார்லட்டில் கேட்ட அதே சத்தம். எறிந்தவை வளையத்தில் பட்டுத் தெறித்தன. ஒரு வருடம் படம் பார்த்து, பேச்சுக் கேட்டு, புது ஆட்டம் படித்து வந்தவர்களின் முழங்கால் அந்த 20 நிமிடம் நடுங்கத்தான் செய்தது. பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் இந்த முதல் பாதியைப் போட்டுக் காட்டுங்கள்.

இடைவேளைக்குள் வித்தியாசத்தை ஆறாகக் குறைத்தார்கள், 36-30. இரண்டாம் பாதியில் ஹன்டர் உள்ளே நுழைந்து நுழைந்து போட்டார். சார்லட்டில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவர் இங்கே 23 புள்ளி. கினி நாட்டிலிருந்து வந்த மமாடி டியாகிட்டே 17. இரண்டாம் பாதி மட்டும் 41-20. முடிவு 71-56. ஆடி முடித்தவர்கள் துள்ளிக் குதிக்கவில்லை, மூச்சு விட்டார்கள்.

அடுத்து ஓக்லஹோமாவை 63-51, லூயிவில் நகரில் ஆரிகனை 53-49. கடைசி எட்டு. மார்ச் 30, எதிரே பர்டூ. அன்று கார்சன் எட்வர்ட்ஸ் என்ற மனிதர் ஆடியதை இந்தத் தொடரில் தனியாகவே எழுதலாம். 10 மூன்று புள்ளிகள், மொத்தம் 42. நாட்டின் சிறந்த தடுப்பின் தலைக்கு மேலே, ஆறடி உயரம்தான் இருக்கும் அந்த ஆள், பின்னால் சாய்ந்து, பக்கவாட்டில் விழுந்து எறிந்ததெல்லாம் உள்ளே விழுந்தது.

ஆட்டம் முடிய 5.9 வினாடி. பர்டூ 70, வர்ஜீனியா 67. மூன்று புள்ளி எறிய விடக்கூடாது என்று பர்டூ வேண்டுமென்றே ஜெரோமை ஃபவுல் செய்தது. இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது, 70-68. இரண்டாவது தவறியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். தவறி வளையத்தில் பட்டு வரும் பந்துக்கு ஆடுகளத்தில் ரீபவுண்ட் என்று பெயர். பந்து எறிகிறவனின் பொறுப்பு வளையத்தோடு முடிந்துவிடுகிறது; அதற்குப் பிறகு அது யாருடைய பந்தும் இல்லை. எகிறிய டியாகிட்டேயின் விரல் நுனி அதைத் தொட்டது. பிடிக்க முடியவில்லை, பின்பக்கம் தட்டிவிட்டார். தட்டியது கொஞ்சம் பலமாகிவிட்டது. பந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் பறந்து நடுக்கோட்டைத் தாண்டி, சொந்தக் கூடை இருக்கும் பக்கமாக உருண்டது. கடிகாரம் ஓடுகிறது. ஆடுகளத்திலேயே குட்டையான கிளார்க் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். எடுத்துத் திரும்பியபோது மூன்று வினாடிக்கும் குறைவு. ஜெரோம் கை தூக்கிக் கேட்கிறார். கைல் கேட்கிறார். அவர்களில் ஒருவரிடம் கொடுத்தால் பாதி ஆடுகளத் தூரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டியதுதான். கிளார்க் இருவரையும் பார்க்கவில்லை. 40 அடி தூரத்தில், கூடைக்கு அருகே, தட்டிவிட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்த டியாகிட்டேயின் மார்புக்கு நேராக ஒரே எறி. வாங்கிய வேகத்திலேயே அவர் பந்தை விட்டார். சிவப்பு விளக்கு எரியும் முன் பந்து விரலைவிட்டுப் பிரிந்திருந்தது. உள்ளே. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75.

1984-க்குப் பிறகு முதல் தடவையாக வர்ஜீனியா கடைசி நான்குக்குள் போனது. ஒரு முதலாண்டு மாணவர் அந்த நேரத்தில் அந்த ஆளை எப்படிப் பார்த்தார் என்பதற்கு இன்றுவரை எனக்கு விடை இல்லை.

ஏப்ரல் 6, மினியாபொலிஸ். அரையிறுதியில் ஆபர்ன். ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கையில் 57-47 என்று நிம்மதியாக இருந்த வர்ஜீனியா, தொடர்ந்து 14 புள்ளிகளைக் கொடுத்து 61-57 என்று பின்னால் போனது. மூலையிலிருந்து கைல் ஒரு மூன்று புள்ளி போட்டு 61-60 ஆக்கினார். ஆபர்ன் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டு 62-60. கடைசி வினாடிகளில் ஜெரோம் பந்தைக் காலில் இடறிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, மறுபடி தட்டினார். விதிப்படி அது பிழை. பந்து ஆபர்னுக்குப் போயிருக்க வேண்டும். நடுவர்கள் கண்ணில் படவில்லை. இதை வர்ஜீனியாவின் ரசிகர்கள் சொல்லும் கதைகளில் மெல்லக் கடந்துவிடுவார்கள். நான் சொல்லிவிடுகிறேன்: அன்று அவர்களுக்குக் கிடைத்தது தானம்.

பந்து மூலையில் நின்ற கைலுக்கு வந்தது. எறிந்தார், தவறியது. விசில். எறியும்போது ஆபர்ன் வீரரின் உடல் அவர் மேல் சாய்ந்ததாக நடுவர் சொன்னார். மிச்சம் 0.6 வினாடி. மூன்று புள்ளி எறிகிறவனை இடித்தால் மூன்று ஃப்ரீ த்ரோ. கைல் பனியனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம், இரண்டு புள்ளி பின்னால், பதற்ற நோய் உண்டு என்று ஊரறிய எழுதிய பையன் தனியாகக் கோட்டில் நிற்கிறான். முதலாவது. உள்ளே. இரண்டாவது. உள்ளே, 62-62. ஆபர்னின் பயிற்சியாளர் அப்போது ஆட்டத்தை நிறுத்தினார். அவனை உட்கார வைத்து யோசிக்க விட வேண்டும் என்பது பழைய தந்திரம். யோசித்துவிட்டு வந்தான். மூன்றாவதும் உள்ளே. அணியின் கடைசி 6 புள்ளிகளும் அவனுடையவை. பயமாக இருந்ததா என்று பிறகு கேட்டார்கள். நடுங்கிவிட்டேன் என்றே ஒப்புக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டம், டெக்சாஸ் டெக்கோடு. இருவருக்குமே அது முதல் இறுதி. 1979-இல் மேஜிக் ஜான்சனும் லாரி பர்டும் மோதிய ஆட்டத்துக்குப் பிறகு அப்படி ஓர் இறுதி அமைந்ததில்லை. முதல் பாதியில் சத்தமில்லாமல் இருந்த ஹன்டர், பிற்பாதியில் விழித்துக்கொண்டார். 12 வினாடி சொச்சம் இருக்கும்போது மூன்று புள்ளி பின்னால். ஜெரோம் உள்ளே புகுவது போல் போய் மூலைக்குத் தள்ளிவிட்டார். ஹன்டர் எறிந்தார். 68-68. உடைந்து கூடிய மணிக்கட்டு. கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 12 ஃப்ரீ த்ரோ எறிந்து 12-ஐயும் போட்டது. 85-77. ஹன்டருக்கு 27 புள்ளி, கைலுக்கு 24. போட்டியின் சிறந்த வீரர் விருதும் கைலுக்கு. சாம்ப்சன் காலத்தில் கைக்கு வராத கோப்பை, சார்லட்டில் விழுந்து 388-ஆவது நாளில் வந்தது.

கோப்பையோடு படத்தை உறையவிட்டால் அழகாக இருக்கும். சரித்திரம் உறைவதில்லை. அந்த ஜூனில் ஹன்டர், ஜெரோம், கைல் மூவரும் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். பல்கலைக்கழகம் கொடுக்க வந்த சம்பள உயர்வைப் பென்னட் வேண்டாம் என்று சொல்லி, உதவியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பொறுப்பில் இருந்தவரை வர்ஜீனியா தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2021-இல் ஒஹையோவிடம் தோல்வி. 2023-இல் ஃபர்மன் என்ற சின்ன அணியிடம். அந்த ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் வர்ஜீனியா இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. மூலையில் சிக்கிக்கொண்ட ஒரு வீரர் நெருக்கடியிலிருந்து தப்பிக்கப் பந்தைத் தூரமாக எறிந்தார். அது நேராக எதிரணி ஆளின் கைக்குப் போனது. ஃபர்மன் மூன்று புள்ளி போட்டு ஜெயித்தது, 68-67. எறிந்தவர், ஐந்தாம் ஆண்டு மாணவரான கிஹேய் கிளார்க். லூயிவிலில் உலகமே வியந்த அதே கை. தேதி மார்ச் 16. சார்லட்டுக்குச் சரியாக ஐந்து வருடம்.

மறுநாள் இரவு இன்னொரு 1-ஆம் எண் 16-ஆம் எண்ணிடம் விழுந்தது. விழுந்தது பர்டூ. 2018-க்குப் பிறகு வர்ஜீனியா தனியாக உட்கார்ந்திருந்த பெஞ்சில் இரண்டாவது ஆள் வந்து உட்கார்ந்தார். அதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது விலகினார். வயது 55. பணமும் அணி தாவலும் ஆளும் இந்தப் புதிய கல்லூரி ஆட்டத்துக்குத் தான் பொருத்தமான ஆள் இல்லை என்றார். அந்த நாற்காலிக்கு வர்ஜீனியா ஆள் தேடியது. 2025 மார்ச்சில் பெயரை அறிவித்தது: ரயன் ஓடம். ஒரு காலத்தில் அந்த ஊரில் பந்து பொறுக்கிக் கொடுத்த பையன். சார்லட்டில் எதிர்பக்கம் நின்ற பயிற்சியாளர். முதல் நாள் அவர் நடந்து உள்ளே வந்த அரங்கத்தின் கூரையில் 2019-இன் கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

(தொடரும்)